கழுத்தில் ஒரு வௌவால்: இல்லினாய் ரேபிஸ் மரணம், 2021

2021 ஆகஸ்ட் நடுப்பகுதி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எண்பது வயதைக் கடந்த ஒருவர் தூக்கத்திலிருந்து விழித்தபோது அவர் கழுத்தில் ஒரு வௌவால் இருந்தது. வௌவால் பிடிபட்டது, பரிசோதனைக்குப் போனது, அதற்கு ரேபிஸ் எனப்படும் வெறிநோய் இருப்பது உறுதியானது. உடனே தடுப்பு சிகிச்சையைத் தொடங்கும்படி அவரிடம் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துக் கழுத்து வலியும் தலைவலியும் வந்தன. கைகள் சொன்னபடி கேட்கவில்லை. விரல்கள் மரத்துப்போயின, பேச்சு தடுமாறியது. பிறகு இறந்துபோனார். 1954க்குப் பின் அந்த மாநிலத்தில் மனிதருக்கு வந்த முதல் ரேபிஸ் அது. வீட்டைச் சோதித்த வனவிலங்கு வல்லுநர்கள் அங்கே ஒரு வௌவால் கூட்டமே குடியிருந்ததைக் கண்டார்கள்.

பல ரேபிஸ் மரணங்களில் எங்கோ ஓர் அறியாமை இருக்கும்: கடித்ததே தெரியாது, அல்லது கடித்த விலங்கு ஓடிப்போயிருக்கும். இந்த நிகழ்வில் அப்படி எதுவும் இல்லை. விலங்கு கையில் இருந்தது, பரிசோதனை முடிவு கையில் இருந்தது, மருந்தும் எட்டும் தூரத்தில் இருந்தது. இவ்வளவும் இருந்தும் ஓர் உயிர் போனது என்பதால்தான் இந்த நிகழ்வைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த ஒரு மாதம்

முடிவு பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகும் ஒருவரால் எப்படி மறுக்க முடிந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த நோயின் போக்கிலேயே இருக்கிறது. கடித்த மறுநாள் எதுவும் நடக்காது. மறுவாரமும் எதுவும் நடக்காது. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, புண்ணே கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்த அமைதியான நாள்களில் வைரஸ் சும்மா இருப்பதில்லை. உமிழ்நீரோடு தசைக்குள் இறங்கி, தசையும் நரம்பும் சந்திக்கும் இடத்தில் நரம்பு முனைக்குள் நுழைகிறது. பிறகு நரம்பிழையின் உள்ளேயே தண்டுவடத்தை நோக்கி நகர்கிறது. ரத்தத்தில் பெரிதாகச் சுற்றாததால் உடலின் எதிர்ப்பு மண்டலத்துக்கு இது வந்திருப்பதே தெரிவதில்லை. பெரும்பாலானோருக்குக் கடிபட்டதற்கும் அறிகுறி தோன்றுவதற்கும் இடையே ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். காலில் கடித்தால் பாதை நீளம். தலையிலோ கழுத்திலோ கடித்தால் மிகக் குறைவு. இல்லினாய்க்காரருக்கு ஒரு மாதத்தில் அறிகுறி வந்ததும், அது கழுத்திலும் கையிலும் தொடங்கியதும் இந்தக் கணக்கோடு பொருந்திப் போகின்றன.

அறிகுறி தொடங்கிவிட்டால் நம்பத்தக்க சிகிச்சை எதுவும் இல்லை. அறிகுறிக்குப் பின் பிழைத்தவர்கள் உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கிறார்கள். ஆகவே உடம்பு நன்றாக இருக்கும் நாள்களில்தான் எல்லா வேலையும் முடிய வேண்டும். வலி வந்தால் போய்க்கொள்ளலாம் என்ற வழக்கமான நிதானம் இந்த ஒரு நோயில் உயிரை வாங்கிவிடும்.

வௌவாலைப் பிடித்தது: இங்கே செய்தது சரி

வீட்டுக்குள் வௌவால் புகுந்தால் ஜன்னலைத் திறந்து விரட்டிவிடுவதே எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: அது யாரையாவது தொட்டிருக்க வாய்ப்பு உண்டா?

யாரும் தூங்காத கூடத்தில், எல்லோர் கண்முன்னும் உள்ளே வந்து, யார்மேலும் படாமல் சுற்றுகிறது என்றால் விரட்டலாம். உள்கதவுகளை மூடி, வெளிக்கதவையும் ஜன்னலையும் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு ஒதுங்கி நின்றால் தானே போய்விடும். ஆனால் தூங்கிக்கொண்டிருந்தவர் அறையிலோ, தனியே விடப்பட்ட குழந்தையின் அறையிலோ, மதுபோதையிலோ நினைவு மங்கியோ இருந்தவர் அறையிலோ அதைக் கண்டால், தொட்டிருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் வழிகாட்டலும் இதுவே. காரணம் பல்லின் அளவு. வீடுகளில் தங்கும் பூச்சியுண்ணும் வௌவால்கள் பெரும்பாலும் 30 கிராமைத் தாண்டாது. அதன் கோரைப்பல் போடும் துளை ஊசிமுனை அளவு. தூக்கம் கலையாமலே கடி விழலாம்; காலையில் தேடினாலும் தடம் கிடைக்காது. புண் தெரியவில்லை என்பதைக் கடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

இந்த இரண்டாம் வகையில் ஜன்னலைத் திறக்கக் கூடாது. அறையை மூடி வௌவாலைப் பிடிக்க வேண்டும். தடித்த தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துணிக் கையுறையைப் பல் துளைத்துவிடும். பறக்கும்போது துரத்தாதீர்கள். சில நிமிடத்தில் களைத்துத் திரைச்சீலை மடிப்பிலோ சுவரின் மேல் மூலையிலோ தொற்றிக்கொள்ளும். அப்போது ஒரு டப்பாவையோ சிறிய அட்டைப்பெட்டியையோ அதன்மேல் கவிழ்த்து, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே தடித்த அட்டையை மெல்லச் செருகி, சுற்றிலும் ஒட்டுநாடா போட்டு மூடுங்கள். காற்றுத் துளைகள் ஊசியால் குத்தியவையாக இருக்கட்டும். ஆறு மி.மீ. இடைவெளி இருந்தாலே அது நழுவி வரப் பார்க்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பயத்தில் துடைப்பத்தாலோ மட்டையாலோ அடித்துத் தலையை நசுக்கிவிடுவது. பரிசோதனை நடப்பது மூளையில்தான். மூளைத்தண்டு, சிறுமூளை ஆகிய பகுதிகளின் திசுவை எடுத்து, ஒளிரும் எதிர்ப்பொருள் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தலை சிதைந்தாலோ உடல் அழுகினாலோ சோதிக்கவே முடியாது. அப்போது வைரஸ் இருந்ததாகவே கருதி மருந்து போட வேண்டியதுதான். செத்துப்போன வௌவால் என்றால் கையுறையோடு எடுத்து இரட்டைப் பிளாஸ்டிக் பையில் இட்டு, ஐஸ் பொட்டலங்களோடு குளிர்ச்சியில் வையுங்கள். உறைய விடக் கூடாது, ஃபார்மலினில் போடவும் கூடாது. பெட்டியை வைத்துக்கொண்டு அடுத்து அழைக்க வேண்டியது உள்ளூர்ப் பொதுச் சுகாதாரத் துறையை. எங்கே கொடுப்பது, யார் வந்து எடுத்துப்போவார்கள் என்பதை அவர்கள் சொல்வார்கள்.

சோதனைக்கு அனுப்புவதில் இன்னொரு நன்மையும் உண்டு. அமெரிக்காவில் பிடித்து அனுப்பப்படும் வௌவால்களில் சுமார் 6 விழுக்காட்டுக்கே ரேபிஸ் இருக்கிறது. முடிவு நெகட்டிவ் என்றால் ஊசியே வேண்டாம். பறக்க விட்டவருக்கு அந்த நிம்மதி கிடைக்காது.

மறுக்கப்பட்ட மருந்து

அவர் மறுத்ததற்குத் தடுப்பூசி மீது நெடுநாளாக இருந்த அச்சமே காரணம் என்று சி.டி.சி.யின் 2022 ஜனவரி அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இந்த அச்சத்தை ஏளனமாகப் பார்க்கக் கூடாது. நரம்புத் திசுவிலிருந்து தயாரித்த பழைய ஊசிகளைத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு போட்ட காலம் ஒன்று இருந்தது. வலியும் மிகுதி, நரம்புப் பக்கவிளைவுகளும் உண்டு. அந்தத் தலைமுறையின் நினைவு இன்னும் பல குடும்பங்களில் வாய்வழியாக உயிரோடு இருக்கிறது. இன்றைய மருந்து அதுவல்ல. செல் வளர்ப்பில் தயாராகும் தடுப்பூசி, மற்ற ஊசிகளைப் போலவே தோள்பட்டைத் தசையில் போடப்படுகிறது.

முதல் வேலை மருத்துவமனைக்கு முன்பே, குழாயடியில் தொடங்குகிறது. பட்ட இடத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவுங்கள். பெரும்பாலோர் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைச் சிதைக்கிறது. பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைப் போட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள். அவை புண்ணைக் கிளறி, சிகிச்சையையும் தாமதப்படுத்தும்.

அமெரிக்க முறைப்படி, முன்பு ரேபிஸ் ஊசியே போடாத ஒருவருக்கு முதல் நாளில் இரண்டு மருந்துகள். ஒன்று ரேபிஸ் இம்யூனோகுளோபுலின், அதாவது ஆயத்த எதிர்ப்பொருள். உடல் எடையில் கிலோவுக்கு 20 அலகு. 70 கிலோ எடையுள்ளவருக்கு 1,400 அலகு. மில்லிலிட்டருக்கு 150 அலகு கொண்ட மருந்தானால் 9 மி.லி.க்குச் சற்று மேல், 300 அலகு கொண்டதானால் 5 மி.லி.க்குச் சற்றுக் கீழ். புண் தெரிந்தால் முடிந்த அளவு முழுவதையும் புண்ணைச் சுற்றியும் உள்ளேயும் செலுத்த வேண்டும். மிச்சத்தையும், புண் தெரியாதபோது முழு அளவையும், தடுப்பூசி போட்ட இடத்திலிருந்து தள்ளி இன்னொரு தசையில் போடுவார்கள். இரண்டாவது தடுப்பூசி: 0, 3, 7, 14ஆம் நாள்களில் ஒவ்வொரு மி.லி. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு 28ஆம் நாளில் ஐந்தாவது ஊசியும் உண்டு. பிட்டத்தில் போடக் கூடாது, அங்கே கொழுப்பில் தங்கி எதிர்ப்பொருள் சரியாக உருவாகாமல் போகும். வேறு நாடுகளில் தோலினுள் போடும் முறையும் நாள் கணக்கில் மாறுதலும் இருக்கலாம். அந்தந்த ஊரின் அட்டவணையை அப்படியே பின்பற்ற வேண்டும்.

இரண்டு மருந்து எதற்கு? தடுப்பூசிக்கு உடல் பதில் சொல்ல ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அந்த இடைவெளியில் வைரஸை வாசலிலேயே மறிப்பது ஆயத்த எதிர்ப்பொருள். ஒன்றை மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்றால் கேள்வி கேளுங்கள். முதல் ஊசி போட்டு ஏழு நாள் வரை எதிர்ப்பொருளைச் சேர்க்க இடமுண்டு; அதன்பின் உடலே உண்டாக்கத் தொடங்கியிருக்கும் என்பதால் கொடுப்பதில்லை. இடையில் ஒரு தேதி தவறிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கழுத்து, தலை, முகம் ஆகிய இடங்களில் பட்டிருந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் தொடங்கிவிட்டு, நெகட்டிவ் என்று வந்தால் நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

அதே பருவத்தில் இன்னும் சிலர்

2019, 2020 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்காவில் ரேபிஸ் மரணம் பதிவாகவில்லை. 2021இல் ஐந்து. அவற்றில் மூன்று, செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் முற்பகுதிக்குள் நடந்தவை, மூன்றும் வௌவாலால். இல்லினாய் தவிர மற்ற இரண்டு இடாஹோ, டெக்சஸ் மாநிலங்களில். அவர்களில் ஒருவர் குழந்தை. இல்லினாயில் மருந்து மறுக்கப்பட்டது என்றால், மற்ற இரண்டிலும் மருந்தைத் தேடிப் போகவே இல்லை. பட்டது பெரிதாகத் தெரியவில்லை, புண் இல்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். வெறுங்கையால் வௌவாலை எடுத்ததும் இந்த மூன்றில் ஒன்றில் நடந்திருக்கிறது. குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது இரண்டே வாக்கியம்: தரையில் கிடக்கும் வௌவாலைத் தொடாதே; தொட்டுவிட்டால் திட்டமாட்டோம், உடனே வந்து சொல். இரண்டாவதைச் சொல்லாவிட்டால் முதலாவதால் பயனில்லை, பயத்தில் குழந்தை மறைத்துவிடும்.

அதே ஆண்டில் மின்னசோட்டாவில் ஒரு முதியவர், உரிய சிகிச்சை முழுவதையும் எடுத்தும் இறந்தார். பின்னர் ஆராய்ந்தபோது, முன்பு கண்டறியப்படாத எதிர்ப்பாற்றல் குறைபாடு அவருக்கு இருந்தது தெரிந்தது. ஊசி வேலை செய்யாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது தவறு. நவீனத் தடுப்பூசி வந்த பிறகு இப்படி நடப்பது மிக அரிது என்பதால்தான் அது தனி ஆய்வாகவே வெளிவந்தது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களும், நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுப்பவர்களும் அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஐந்தாவது ஊசியோடு, கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

வீட்டில் குடியிருந்த கூட்டம்

இந்த நிகழ்வின் வேர் இங்கே இருக்கிறது. வீட்டில் ஒரு கூட்டம் தங்கியிருந்தால் என்றோ ஒருநாள் ஒன்று படுக்கையறைக்கு வழிதவறி வரத்தான் செய்யும். வட அமெரிக்காவில் அது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் நடக்கும். கோடையில் பிறந்த குட்டிகள் அப்போதுதான் பறக்கப் பழகுகின்றன. தவறான இடுக்கில் நுழைந்து கீழே இறங்கிவிடுகின்றன.

கூட்டம் இருக்கிறதா என்பதை நேரில் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். கூரை விளிம்பின் கீழே சுவரிலும் தரையிலும் அரிசி அளவில் கருப்பு எச்சம் கிடக்கும். அதைக் குச்சியால் அழுத்தினால் பொடிப்பொடியாக உதிர்ந்து பூச்சி இறக்கைத் துணுக்குகள் மினுங்கும். எலிப் புழுக்கை அப்படி உதிராது. அவை நுழையும் இடுக்கின் ஓரத்தில் உடல் எண்ணெய் பட்டுப் பழுப்புக் கறை படிந்திருக்கும். பகலில் பரணுக்குள் போய் விளக்கை அணைத்தால் வெளிச்சம் எங்கெல்லாம் கசிகிறதோ அங்கெல்லாம் சந்தேகம். பிறகு இரண்டு பேர் வீட்டின் எதிரெதிர் மூலைகளில் நின்று, சூரியன் மறைவதற்குக் கால் மணி நேரம் முன்னிருந்து ஒரு மணி நேரம் கூரையைப் பார்க்க வேண்டும். மழை இல்லாத, வெதுவெதுப்பான இரவாக இருக்கட்டும். எந்த இடுக்கிலிருந்து வெளியே வருகின்றன என்பது தெரிந்துவிடும்.

வெளியேற்றுவதற்குப் பருவம் முக்கியம். மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பறக்காத குட்டிகள் உள்ளே இருக்கும். அப்போது தாயை வெளியே அடைத்தால் குட்டிகள் செத்து நாறும். தாய்கள் வேறு வழி தேடி வீட்டுக்குள்ளேயே இறங்கும். பல மாநிலங்களில் அந்தக் காலத்தில் வெளியேற்றுவதற்குத் தடையும் இருக்கிறது. கோடை முடிவிலிருந்து, இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய் அவை உறங்கத் தொடங்கும் முன்பு, முடித்துவிட வேண்டும்.

ஆனால் எந்தப் பருவத்திலும் உடனே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: பரணுக்கும் வசிக்கும் அறைகளுக்கும் இடையே உள்ள வழிகளை உள்பக்கமாக அடைப்பது. பரண் ஏறும் மூடியின் ஓரம், கூரை விளக்குகளின் சுற்று, குழாயும் மின்கம்பியும் சுவரைத் துளைத்து வரும் இடம், கதவின் அடி இடுக்கு. ஆறு மி.மீ.க்குப் பன்னிரண்டு மி.மீ. அளவைவிடப் பெரிய துளை எதையும் விடக் கூடாது. வௌவால் எலியைப் போலக் கடித்துத் துளை போடாது, இருக்கும் துளையில்தான் நுழையும். ஆகவே சீலண்ட் பசையும் இரும்பு நாரும் ஃபோம் பட்டையுமே போதும். கூட்டம் மேலே இருக்கும் வாரங்களிலும் படுக்கையறை இதனால் பாதுகாப்பாகிவிடும்.

வெளிப்பக்க வேலையின் வரிசை மாறக் கூடாது. முதலில், அவை வந்துபோகாத எல்லா இடுக்குகளையும் அடையுங்கள். முக்கிய வாசல்களை மட்டும் விட்டு, அங்கே ஒருவழிக் கதவு பொருத்துங்கள். தட்டையான சுவரில் வலை போதும்: 4 மி.மீ. கண்ணளவுள்ள வலையை இடுக்கின் மேல்பக்கமும் இருபக்கமும் ஒட்டி, கீழ்ப்பக்கத்தைத் திறந்தபடி, இடுக்கிலிருந்து 45 முதல் 60 செ.மீ. கீழே தொங்கவிட வேண்டும். வெளியே வரும் வௌவால் வலைக்குள் ஊர்ந்து இறங்கிப் பறந்துவிடும். திரும்பும்போது இடுக்கின் மணத்தைப் பிடித்து நேரே அங்கேயே மோதும். கீழே இறங்கி நுழையத் தெரியாது. மூலைகளுக்குக் குழாய் நல்லது: 5 செ.மீ. குறுக்களவு, 25 செ.மீ. நீளம், உள்ளே வழவழப்பான பி.வி.சி. குழாய். வரியோட்டமான குழாய் வைத்தால் அதைப் பிடித்து ஏறித் திரும்பிவிடும். குழாய் இடுக்குக்குள் 6 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அதன் வாய் அவற்றுக்கு அகப்படாது. வலை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தால் நசுங்கி வெளியே வர வழியிருக்காது. கண் பெரிதாக இருந்தால் சிக்கிச் சாகும்.

ஒரு வாரம் அப்படியே விடுங்கள். மழையோ குளிரோ உள்ள இரவுகள் அந்தக் கணக்கில் சேராது, அன்று அவை வெளியே வந்திருக்காது. பிறகு மறுபடியும் மாலை நேரம் நின்று பாருங்கள். ஒன்றுகூட வெளிவரவில்லை என்றால் கருவியைக் கழற்றி அன்றே அடைத்துவிடுங்கள். அந்துருண்டை, மீயொலிக் கருவி, புகை, விஷம் எதுவும் வேண்டாம். முதல் இரண்டும் பயன்படாது. விஷம் வைத்தால் தள்ளாடும் வௌவால்கள் தரையில் விழுந்து குழந்தைகள் கைக்கும் பூனை வாய்க்கும் எட்டும்.

எச்சத்தை உலர்ந்தபடி கூட்டிப் பெருக்காதீர்கள். அதில் வளரும் ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சையின் வித்துகள் நுரையீரலைத் தாக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முகத்தோடு பொருந்தும் என்95 அல்லது அதைவிட உயர்ந்த முகக்கவசத்தோடு அள்ளிப் பையில் கட்டுங்கள். கனமாகக் குவிந்திருந்தால் தொழில்முறையாளர்களிடம் விட்டுவிடுங்கள்.

வீட்டு நாய், பூனை, மற்ற விலங்குகள்

வீட்டுக்குள் வந்த வௌவாலைப் பெரும்பாலும் பூனைதான் முதலில் பிடிக்கும். தடுப்பூசி நடப்பில் உள்ள நாய் பூனை என்றால் உடனே ஒரு கூடுதல் ஊசி போட்டு, 45 நாள் வீட்டிலேயே கண்காணித்தால் போதும் என்பது அமெரிக்க விதி. ஒருமுறைகூட ஊசி போடாத விலங்குக்குக் கருணைக்கொலை, அல்லது நான்கு மாதக் கடுமையான தனிமை. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு எந்தக் குடும்பமும் வரவேண்டாம். ஊசிச் சீட்டைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கும் வழக்கம் நாய்க்கும் பூனைக்கும் பொருந்தும்; காட்டு விலங்குகளுக்குப் பொருந்தாது. ரக்கூன், ஸ்கங்க் என்ற அமெரிக்கக் காட்டு விலங்குகளையும் நரி, வௌவால் ஆகியவற்றையும் கூண்டில் அடைத்துப் பார்ப்பது வீண். அவை எத்தனை நாள் முன்பிருந்து வைரஸை உமிழ்கின்றன என்பதற்கு நம்பத்தக்க கணக்கு இல்லை. கடித்தால் விலங்கைச் சோதிக்க வேண்டும், அல்லது மருந்தைத் தொடங்க வேண்டும். அணில், எலி, சுண்டெலி, முயல் கடிக்கு ரேபிஸ் ஊசி அநேகமாகத் தேவைப்படுவதில்லை. கிரவுண்ட்ஹாக் போன்ற பெரிய கொறிணிகள் இதற்கு விலக்கு. ரக்கூன் பகலில் திரிவதை மட்டும் வைத்து அதற்கு வெறி என்று முடிவு செய்யவும் கூடாது. குட்டிக்குப் பாலூட்டும் தாய் பகலிலும் இரை தேடும். தள்ளாட்டம், பின்கால் இழுத்தல், காரணமின்றிப் பாய்தல், மனிதரைக் கண்டும் அஞ்சாமை ஆகியவையே கவலைக்குரியவை. அப்படிப்பட்டதைக் கண்டால் நாயையும் குழந்தையையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு, விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவை அழையுங்கள். வெளியே வைத்த நாய் உணவுத் தட்டை இரவுக்கு முன் எடுத்துவிடுவதும், குப்பைத்தொட்டி மூடியைக் கொக்கியால் பூட்டுவதும் அவை வாசலுக்கு வருவதையே பெருமளவு குறைக்கும்.